இடது முன்சக்கரத்தின் சாட்சியம்

2024 கோடை விடுமுறையில் நாங்கள் ஊன்றிப் படித்த ஒரே பிரதி, ஒரு பழைய காரின் மின்கம்பி வரைபடம். உரையாசிரியர் எவரும் வாய்க்காத நூல் அது. நாங்கள் என்றால் இருவர். ஒரே கல்லூரியில் ஒருவர் தமிழும் மற்றவர் இயற்பியலும் கற்பிக்கிறோம். ஒரே வீட்டில் வாழ்கிறோம். இக்கட்டுரையில் இலக்கியம் குறைவாகவே வரும் என்பதை நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

கார் பெரியப்பாவுடையது. 2005-இல் பதிவான பெரிய வெளிநாட்டுக் கார். புதிதாக வாங்க அவருக்கு வசதி இருந்ததில்லை. 2012-இல் ஒருவர் கழித்துக் கட்டியதை வாங்கி, பிறந்த குழந்தையைப் போல் வைத்திருந்தார். 2021-இல் அவர் மறைந்தபோது மூன்று பொறுப்புகள் எங்களிடம் வந்து சேர்ந்தன: பெரியம்மா, அந்தக் கார், அதை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி. பெரியம்மாவுக்கு முதுகெலும்புத் தேய்வு. மாதம் ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், மருத்துவரைப் பார்க்கச் செல்ல வேண்டும். வேறு எந்தக் காரில் சென்றாலும் திரும்பிவந்த பிறகு இரண்டு நாள் படுக்கைதான். இந்தக் காரில் மட்டும் அவர் கோவில்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்.

அந்தத் தூக்கத்துக்குக் காரணம் சக்கரங்களுக்கு மேலே உள்ள காற்றுப் பைகள். எஃகுச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் பையில் அடைத்த காற்று காரைத் தாங்குகிறது. எவ்வளவு காற்று என்பதைக் கணினி முடிவு செய்கிறது. கார் தாழ்ந்தால் கம்ப்ரசர் காற்றை ஏற்றும். உயர்ந்தால் ஒரு வால்வு காற்றை வெளியே விடும். தாழ்ந்ததா உயர்ந்ததா என்பதைக் கணினி தன் கண்ணால் பார்ப்பதில்லை. அதற்குச் சொல்வது உயர சென்சார். எங்கள் காரில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனியே ஒன்று உண்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான பெட்டி. அதிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். பெட்டி உடலோடும், கை ஒரு சிறு கம்பி வழியாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மோடும் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை திரும்பும். திரும்பும் கோணம் மின்னழுத்தமாக மாறும். இன்று இதெல்லாம் புதுமையில்லை. சிட்ரோயன் நிறுவனம் எண்ணெயும் வாயுவும் கொண்டு தானே சமநிலை கொள்ளும் காரை 1955-இலேயே பாரிசில் காட்டிவிட்டது. கணினியும் சென்சாரும் காற்றுப் பையும் சேர்ந்த அமைப்பு 1984-இன் லிங்கன் கான்டினென்டல் மார்க் செவன் காரில் வந்தது. நாங்கள் இவற்றை அறிந்தது வெகு பின்னால், தேவை வந்து கழுத்தைப் பிடித்தபோது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தவர் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி தன் பழைய வழிகளையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு ஊருக்குள் நடந்தது. சந்திப்பை ஒட்டிய பெரியம்மாவின் தெருவிலும் தண்ணீர். கார் நின்ற கொட்டகையில் பாதிச் சக்கரம் மூழ்கியது. எஞ்சினுக்குள் நீர் புகவில்லை, இருக்கைகள் நனையவில்லை. சேறு கழுவி, பிரேக் பார்த்து, எண்ணெய் மாற்றி, தப்பித்தோம் என்று இருந்துவிட்டோம்.

பிப்ரவரியில் மதுரையிலிருந்து திரும்பும்போது அண்ணாச்சி ஒரு பள்ளத்தில் இடது முன்சக்கரத்தை விட்டுவிட்டார். அதை அவரே வந்து சொன்னார். மூன்றாம் நாள் காரின் இடது முன்பக்கம் தாழ்ந்து நின்றது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? பள்ளம் காரணம், பை கிழிந்தது காரியம். அண்ணாச்சி மட்டும் ஒன்று சொன்னார்.

“பள்ளத்துல விட்டது நெசந்தான் தம்பி. ஆனா நிப்பாட்டிப் போட்டா எறங்கல. கிளப்புனதுக்கப்புறந்தான் எறங்குது. பை போயிருந்தா ராத்திரியே படுத்திருக்கணும்லா?”

நாங்கள் அதைக் குற்றவாளியின் சமாதானமாகக் கேட்டோம். இருபது வருடம் வண்டி ஓட்டியவருக்குப் பள்ளம் தெரியாதா என்று எங்களில் ஒருவர் கேட்டார், மற்றவர் தடுக்கவில்லை. இனி நாங்களே ஓட்டிக்கொள்கிறோம் என்றும் சொன்னோம். அவர் சாவியை மேசைமேல் வைத்தார். எறியவில்லை, வைத்தார். பெரியம்மா உள்ளறையில் இருந்தார், அவருக்குக் கேட்டிருக்கும்.

பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். பிழைக் குறி எதுவும் இல்லை. இடது சென்சார், வலது சென்சார் இரண்டும் ஒரே உயரத்தைக் காட்டின. ஆகவே சென்சார்கள் நலம், ஆகவே பைதான் பழுது என்றார்கள். எங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்ததுபோல் ஒரு தொகைக்குப் புதிய பை வந்தது. கார் நிமிர்ந்தது. ஐந்து வாரம் நிமிர்ந்தே நின்றது. எங்கள் தீர்ப்புக்கு அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில், புதுப் பை பொருத்திய அதே இடது முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. இம்முறை பள்ளம் எதுவும் இல்லை. ஓட்டியது நாங்கள்.

மறுபடி பட்டறைக்குப் போகும் பணமும் இல்லை, முகமும் இல்லை. ஆகவே மே மாதம் கொட்டகையில் கழிந்தது. முதல் கருவி தையல்காரரின் நாடா. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தோம்: வலது 40 சென்டிமீட்டர், இடது 37.8. எஞ்சினை நிறுத்திவிட்டு இரவு முழுதும் விட்டோம். காலையில் அதே 37.8. சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம், ஒரு குமிழியும் இல்லை. கசியும் பை 2.2 சென்டிமீட்டரோடு நின்று நாகரிகம் காக்காது. விடியும்போது கார் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். எஞ்சினைக் கிளப்பினோம். இரண்டு நிமிடத்தில் எங்கோ அடியில் பாம்பு சீறுவதுபோல் ஓர் ஒலி. நாடாவில் 37.2. காற்று கசியவில்லை, கணினியே அதைத் திறந்துவிடுகிறது. நிப்பாட்டிப் போட்டா எறங்கல, கிளப்புனதுக்கப்புறந்தான் எறங்குது. அந்தச் சொற்கள் அப்போது கொட்டகையில் மறுபடி கேட்டன. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நண்பர் ஒருவரிடம் ஸ்கேனர் இரவல் வாங்கினோம். கார் கண்ணெதிரே சாய்ந்து நிற்கிறது. ஸ்கேனரிலோ இடதும் வலதும் சமம். பட்டறையில் கண்டதும் இதுவே. இதில் எங்களை விழுத்திய முடிச்சைச் சற்று நின்று சொல்ல வேண்டும். கணினியின் வேலை கார் நேராக நிற்கச் செய்வது அல்ல. இரண்டு எண்களும் நேராக நிற்கச் செய்வது. இடது சென்சார் உள்ளதைவிட உயரமாகச் சொன்னால், கணினி காற்றை விட்டு, அந்தச் சொல் சரியாகும்வரை காரைத் தாழ்த்தும். கார் சாய்ந்தபின் எண்கள் சமமாகிவிடும். சென்சார் மெய் சொன்னாலும் எண்கள் சமம், பொய் சொன்னாலும் சமம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை வகுத்துச் சொல்கிறார். அவற்றுள் அநைகாந்திகம் ஒன்று: துணிய வேண்டிய பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் ஒருங்கே பொருந்துவதால் எதையும் துணிய உதவாத காரணம். முதுகலை வகுப்பில் அதற்கு எடுத்துக்காட்டு தேடி நாங்கள் பலமுறை தடுமாறியதுண்டு.

இனி இயற்பியல் தரப்பு. சென்சாருக்கு மூன்று கம்பிகள்: ஐந்து வோல்ட் கொண்டுவருவது ஒன்று, எர்த் ஒன்று, செய்தியைக் கொண்டுபோவது ஒன்று. கை நடுநிலையில் இருந்தால் செய்தி ஏறத்தாழ 2.5 வோல்ட். 0.5-க்குக் கீழே, 4.5-க்கு மேலே போனால்தான் கணினி ஐயப்பட்டுப் பிழைக் குறி எழுதும். இடைப்பட்ட எந்தப் பொய்யையும் அது அப்படியே நம்பும். ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து (காற்றை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது), கனெக்டரைக் கழற்றி அளந்தோம். 4.98 வோல்ட். பழுதில்லை. இரண்டு நாள் இந்த எண்ணால் ஏமாந்தோம். பிறகுதான் எங்களில் இயற்பியல் தெரிந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். கனெக்டரைக் கழற்றினால் மின்னோட்டம் இல்லை. ஓட்டமில்லாத இடத்தில் தடை தன்னைக் காட்டாது. வாய்க்காலில் நீர் விடாமல் அடைப்பைத் தேடியதுபோல் ஆயிற்று. மறுபடி மாட்டி, சுவிட்சைப் போட்டு, கனெக்டரின் பின்புறமாக ஊசியைச் செருகி, எர்த் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தோம். வலது பக்கம் 0.02 வோல்ட். இடது பக்கம் 0.8.

சென்சார் நின்ற தரையே உயர்ந்திருந்தது. அதற்குத் தெரிந்த சுழியம் உண்மையில் 0.8. மீதமுள்ள 4.2-இல் பாதி 2.1, அடியில் இருக்கும் 0.8-ஐக் கூட்டினால் 2.9. இணைப்புக் கம்பியைக் கழற்றி, சென்சாரின் கையை நடுவில் பிடித்து அளந்தபோது செய்திக் கம்பியில் வந்ததும் 2.9 தான். சென்சார் பொய் சொல்லவில்லை. தன் காலடியை நம்பி மெய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கனெக்டரைப் பிரித்து டார்ச் அடித்தோம். எர்த் பின்னில் பச்சையாகக் களிம்பு. டிசம்பர் வெள்ளம் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய், அமைதியாகச் செம்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. செம்பில் களிம்பு என்ற சைவ சித்தாந்த உவமையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். களிம்பை இவ்வளவு அருகில் வைத்துப் பார்த்ததில்லை. பட்டறையில் பையை மாற்றியவர்கள் இந்தக் கனெக்டரையும் கழற்றி மாட்டியிருப்பார்கள். அந்த உரசலில் களிம்பு சற்று விலகியிருக்கும். எங்களுக்குக் கிடைத்த ஐந்து வாரம் அதனால்தான். பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பள்ளத்துக்கும் இல்லை. பின்னை வெட்டிப் புதியது அழுத்தி, கிரீஸ் தடவி மூடினோம். செலவு நூற்றெண்பது ரூபாய். எஞ்சினைக் கிளப்பினோம், கம்ப்ரசர் சற்று முனகியது. இடது 40, வலது 40. கழற்றிப்போட்ட பழைய பை கொட்டகை மூலையில் சாக்குக்கு மேல் கிடந்தது. அதில் ஒரு கீறலும் இல்லை.

அன்று மாலையே அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நாற்காலி இரண்டுதான், எங்களை உட்காரவைத்துவிட்டு அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். நாங்கள் மன்னிப்பைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாய் எர்த் கம்பியிலிருந்துதான் தொடங்கியது. 0.8 வோல்ட், களிம்பு, வெள்ளம் என்று பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொண்டே போனோம். அவர் குறுக்கிடவில்லை. கடைசியில், அவர் அன்று சொன்னதுதான் சரி, நாங்கள் கேட்காமல் போனோம் என்று ஒருவாறு சொல்லி முடித்தோம்.

சற்று நேரம் பேச்சில்லை. உள்ளிருந்து காப்பி வந்தது.

“பெரியம்மா மதுரைக்கு எப்பப் போகணும்?” என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றோம். ஞாயிறு வேன் இல்லை, வருகிறேன் என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தண்ணி நாலு சக்கரத்துலயும்லா நின்னுச்சு. மத்ததையும் தொறந்து பாத்தீகளா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை.