கூச்சமும் கொலோனோஸ்கோபியும்



நிஸ்வான் மத்ரஸாவில் தூய்மை பற்றிய பாடத்தை நடத்தும்போது இஸ்தின்ஜா, மாதவிடாய், நஜீஸின் வகைகள் அனைத்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுமியருக்குத் தயக்கமின்றி விளக்குகிறோம். ஃபிக்ஹ் நூல்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் அதே உறுப்பில் நோய் கண்டால் நம் வீட்டுப் பெண்கள் வாய் திறப்பதில்லை.

நம்மைப் பெற்ற உம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். மேலப்பாளையத்தில் கூட்டுக் குடும்பம். ஏறக்குறைய ஓராண்டு காலம் மலத்துடன் இரத்தம் போயிருக்கிறது. வாப்பாவுக்கும் தெரியாது, ஒரே வீட்டில் வாழ்ந்த மருமக்களுக்கும் தெரியாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சென்றிருந்தபோது, வெளிறிய முகத்தைக் கண்டு நாம் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்கள். "மூலச் சூடுதாம்மா, வெந்தயத்த ஊறப்போட்டு முழுங்குனா சரியாயிரும்" என்றார்கள். பரிசோதித்தபோது பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டிருந்தது. அப்போது அவர்களுக்கு 54 வயது. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்கள் இல்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்றை விசாலமாக்குவானாக.

சென்ற ஷவ்வாலில் நமக்கும் இரண்டு முறை இரத்தம் தென்பட்டது. மறுநாளே கணவரிடம் கூறினோம். அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தோம். பெரும்பாலும் மூலமாகவே இருக்கும் என்றார் அவர். பிறகு, குடும்பத்தில் எவருக்கேனும் குடல் புற்று இருந்ததா என்று வினவினார். உம்மாவைப் பற்றிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்துகிறதோ அப்போதே கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அமெரிக்காவில் குடும்ப வரலாறு இல்லாதோருக்கும் 45 வயதிலிருந்து பரிசோதனை தேவை என 2021இல் பரிந்துரைத்துள்ளனர். நம் நாட்டில் அரசு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய புற்றுகளுக்கே பரவலாகப் பரிசோதனை நடத்துகிறது. குடலுக்கு அப்படி யாரும் வீடு தேடி வருவதில்லை. நாமேதான் போய்ச் சொல்லியாக வேண்டும்.

பெண் மருத்துவர் கிடைப்பாரா என்று கேட்டோம். இத்துறையில் பெண்கள் குறைவு. அந்த மருத்துவமனைக்கு வருகிற ஒருவருக்காக மேலும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இங்கே ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். 1993 ஜூனில் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இது குறித்தே தீர்மானம் இயற்றியது. முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், அவர் இல்லையெனில் நம்பிக்கைக்குரிய பிற சமயப் பெண் மருத்துவர், அவரும் இல்லையெனில் முஸ்லிம் ஆண், பின்னர் பிற சமய ஆண் என்பது அதன் வரிசை. தேவைப்படும் அளவுக்கு மட்டுமே பார்க்க வேண்டும். கணவரோ மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும், அதுவும் நிர்ப்பந்தத்தின் அளவுக்கே என்னும் விதியைத்தான் மத்ரஸாவில் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். இரத்தம் கண்ட நிலையில், உம்மாவின் வரலாற்றையும் வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. செவிலியப் பெண் ஒருவர் முழுநேரமும் அறையில் இருப்பார் என்ற உறுதியைப் பெற்று, ஆண் மருத்துவரிடமே நாள் குறித்தோம்.

பரிசோதனையை விட அதற்கான ஆயத்தமே கடினம் என்பார்கள். உண்மைதான். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடற்சுவரில் ஒட்டவைக்கும். நீரிழிவு மாத்திரையோ இரத்தம் உறையாமைக்கான மருந்தோ உட்கொள்வோர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கீரை, கொய்யா, தக்காளி, விதையுள்ள காய்கள் ஆகியவற்றை முன்னதாகவே விலக்கினோம். முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் கலக்காத தேநீர். சிவப்பு நிறப் பானங்கள் கூடாது, குடலுக்குள் அவை இரத்தம்போல் தோன்றும் என்பதால் ரூஹ் அஃப்ஸாவும் விலக்கு. அன்றைக்கென்று எதிர்வீட்டில் வலீமா! பிரியாணித் தம் உடைத்த மணம் மாடிவரை வந்தது. நோன்பு நோற்றுப் பழகியவர்களுக்குப் பசி பெரிதன்று, மணம்தான் பெரிது.

பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் நீரில் கரைத்துப் பாதியை மஃரிபுக்குப் பின்னரும் மீதியை அதிகாலை 4 மணிக்கும் குடிக்க வேண்டும். உப்பும் செயற்கை எலுமிச்சைச் சுவையும் கலந்த வழவழப்பு. குளிரவைத்து, கால் மணிக்கு ஒரு குவளையாகக் குடித்தால் குமட்டல் குறைகிறது. முக்கால் மணி நேரத்தில் வயிறு இளகியது. அதன்பின் கழிவறையே இருப்பிடம். இறுதியில் வெளியேறுவது மஞ்சள் நிறத் தெளிநீராக இருக்க வேண்டும்; கலங்கலாக இருந்தால் சிறிய வளர்ச்சிகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தொழுகை பற்றிச் சகோதரிகள் கேட்பார்கள் என்பதால் எழுதுகிறோம். பேதி தொடங்கியவுடனே தம்மை 'மஃதூர்' என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காமல் ஒரு வக்து முழுதும் கழிந்தாலே அந்தச் சட்டம். நமக்கு இடைவெளி கிடைத்தது. இஷாவை இரவு பதினொன்றரைக்குத் தொழுதோம். ஃபஜ்ரைச் சூரிய உதயத்துக்குச் சற்று முன்பாக, சிறிய சூராக்களை ஓதி முடித்தோம்.

மறைமலை நகரிலிருந்து தாம்பரம் பக்கம் செல்ல நமக்கு எப்போதும் மின்தொடர் வண்டிதான். ஆனால் அதில் கழிவறை இல்லை. ஆகவே கார் ஏற்பாடு செய்து, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலுக்கு முன்பாக ஆறரைக்கே கிளம்பினோம். கூடுவாஞ்சேரி சிக்னலில் நின்ற நான்கு நிமிடங்களில் செய்த திக்ருக்குக் கணக்கில்லை.

மருத்துவமனையில் பின்புறம் மட்டும் திறப்புள்ள கால்சட்டை ஒன்றைத் தந்தார்கள். கேட்டால் தருவார்கள், கேட்காதவர்களுக்குச் சில இடங்களில் மேலங்கி மட்டுமே கிடைக்கும். ஊசி குத்தாத பருத்தி முக்காட்டை அணிந்துகொள்ளவும் அனுமதித்தார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கினோம். கையில் ஏற்றிய மருந்தில் கலிமாவைச் சொல்லி முடிப்பதற்குள் உறக்கம் வந்துவிட்டது. விழித்தபோது கடிகாரத்தில் அரைமணி நேரம் கடந்திருந்தது. வலி இல்லை, உள்ளே செலுத்திய காற்றால் வயிறு உப்பியிருந்தது, அவ்வளவே.

விரல் பருமனுள்ள அக்குழாய் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதையும் பார்த்து வருகிறது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் காட்டினார். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வயிற்றைக் கிழிக்காமல் கம்பி வளையத்தால் குடலிலுள்ள பாலிப்பை அறுத்தெடுத்தார். நமக்குச் செய்ததும் அதே வேலைதான். இரத்தத்துக்குக் காரணம் மூலமே. ஆனால் அதற்கு வெகு மேலே, எந்த அறிகுறியும் காட்டாமல் 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது. அங்கேயே அகற்றிவிட்டார்கள். ஆய்வு முடிவில் அது அடினோமா எனும் வகை. புற்றாக மாறக்கூடியது, ஆனால் இன்னும் மாறவில்லை. இவ்வகை புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவு ஆகும் என்றார் மருத்துவர். அல்ஹம்துலில்லாஹ். உம்மாவுக்குள்ளும் ஒரு காலத்தில் அது இப்படித்தான் 8 மில்லிமீட்டராக இருந்திருக்கும் என்ற எண்ணம் அன்று முழுதும் அகலவில்லை.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. அதே வெட்கம் மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்குத் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டிய செய்தி முஸ்லிமில் உள்ளது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்க, அபூதாவூதில் காண்கிறோம். பிறர் பார்வையிலிருந்து உடலைக் காப்பது வெட்கம். கணவரிடமும் மகளிடமும் நோயை மறைப்பதற்கு அப்பெயரைச் சூட்டலாகாது என்பதே நம் கருத்து.

மயக்க மருந்தால் உளூ முறியும். பரிசோதனையால் குளிப்பு கடமையாகாது. ஓதுவது இன்னதென்று தெளிவாக விளங்கும்வரை பொறுத்திருந்து, வீடு திரும்பிப் புதிதாக உளூச் செய்து லுஹரை அதன் நேரத்துக்குள்ளேயே தொழுதோம். அன்றைய தினம் வண்டி ஓட்டவும் முக்கியத் தாள்களில் கையொப்பமிடவும் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் உணவு இட்லியும் சர்க்கரையும்.

ஐந்தாண்டுக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும். உடன்பிறந்தோர் மூவருக்கும் அறிக்கையின் படத்தை அன்று மாலையே அனுப்பினோம். தம்பி தயங்குகிறான். திருநெல்வேலியிலுள்ள தங்கை அடுத்த வெள்ளிக்கு முந்தைய நாளைக் குறித்திருக்கிறாள். பொடியை எதில் கலந்தால் குமட்டாது என்று கேட்டு நேற்று இரவு அழைத்தாள்.