ஆறு கையெழுத்து... ஆறேகால் சென்ட் நிலம்!

இங்கிலாந்து என்றதும் லண்டன் மாநகரமும், அரண்மனையும், கிரிக்கெட் மைதானமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அங்கேயும் ஊருக்கு ஊர் கோதுமை வயல் உண்டு, பால் பண்ணை உண்டு, செம்மறி மந்தை உண்டு. வாய்க்கால் தூர்ந்துவிட்டது, பஸ் வருவதில்லை, ரோட்டில் பள்ளம் என்ற புலம்பலும் உண்டு. அந்தப் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. அதன் பெயர் பாரிஷ் கவுன்சில். கிராம அளவில் அதுதான் அரசாங்கத்தின் கடைசிப் படி.

இங்கிலாந்து முழுக்க இப்படிச் சுமார் 10,000 கவுன்சில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பால் பண்ணைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கடை வைத்திருப்பவர், லாரி ஓட்டுநர் என யாரும் போட்டியிடலாம். பெரும்பாலானவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பல கிராமங்களில் கட்சிக் கொடிக்கும் வேலை இல்லை. கணக்கு எழுதவும், கடிதம் போடவும் சம்பளத்துக்கு ஒரு கிளார்க் இருப்பார். அவரும் பல ஊர்களில் பகுதி நேரம்தான்.

இவ்வளவு சின்ன சபையால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், அதன் அருமையும் தெரிந்துவிடும்.

வேலி வந்தது... நிலம் போனது!

ஒரு காலத்தில் இங்கிலாந்து கிராமங்களில் பொது மேய்ச்சல் நிலம் இருந்தது. ஏழையும் அங்கே ஒரு மாட்டை ஓட்டிவிடலாம், விறகு பொறுக்கலாம். பிறகு, அந்த நிலங்களை வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. 1604-ம் ஆண்டு முதல் 1914-ம் ஆண்டு வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். சுமார் 68 லட்சம் ஏக்கர். அதாவது, இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். மாடு வைத்திருந்தவர்களில் பலர் கூலிக்காரர்கள் ஆனார்கள்.

ஊர் நிர்வாகம் அப்போது 'வெஸ்ட்ரி' என்ற சர்ச் கூட்டத்தின் கையில் இருந்தது. நிலக்கிழார், பாதிரியார், பெரிய பண்ணையார் ஆகியோர் வைத்ததுதான் சட்டம். 1818-ம் ஆண்டு வந்த ஒரு சட்டம், சொத்து மதிப்புக்குத் தக்கபடி ஒரே ஆளுக்கு ஆறு ஓட்டு வரை கொடுத்தது. கூலிக்காரர் குடியிருந்த வீடும் பல ஊர்களில் பண்ணையாருக்கே சொந்தம். எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், கூரையும் போகும்.

எதிர்த்துப் பேச ஒருவர் வந்தார். வார்விக்‌ஷைர் பகுதியில் பார்ஃபோர்டு என்ற ஊரில், 1826-ம் ஆண்டு பிறந்த ஜோசப் ஆர்ச். உயிர்வேலி வெட்டிக் கட்டுவதில் பேர்போன தொழிலாளி. அவர் குடியிருந்த வீடு குடும்பச் சொத்து. அதனால், அவரை யாரும் வெளியே தள்ள முடியாது. அந்தத் துணிச்சலில்தான் 1872-ம் ஆண்டு பிப்ரவரி 7-ம் தேதி, பக்கத்தில் உள்ள வெல்ஸ்போர்ன் கிராமத்தில் ஒரு மரத்தடியில் நின்று பேசினார். இரவு நேரம். அவரைக் கொடிக்கு ஊன்றும் கம்புகளில் லாந்தர் விளக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் மக்கள். அங்கே தொடங்கிய விவசாயத் தொழிலாளர் சங்கம், நாடு முழுக்கப் பரவியது. 1884-ம் ஆண்டுச் சட்டம் கிராமத்துக் கூலிக்காரர்களில் பலருக்கு ஓட்டுரிமை கொடுத்தது. அடுத்த ஆண்டே ஆர்ச் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஜெஸ்ஸி காலிங்ஸ் என்ற அரசியல்வாதி முன்வைத்த 'மூன்று ஏக்கர், ஒரு மாடு' என்ற முழக்கமும் அந்தச் சமயத்தில்தான் ஊரெங்கும் ஒலித்தது.

இந்த நெருக்கடியில் வந்ததுதான் 1894-ம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். சர்ச் கையில் இருந்த ஊர் நிர்வாகத்தை வாங்கி, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பாரிஷ் கவுன்சிலிடம் கொடுத்தது அந்தச் சட்டம். மணமான பெண்களும் ஓட்டுப் போடலாம், உறுப்பினராகலாம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் தேர்தல். பண்ணையாரும், அவர் வயலில் ஏர் ஓட்டியவரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம்!

ஒரு சபை யாருக்கானது என்பதை அதன் விதிகளை வைத்தே சொல்லிவிடலாம். ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடும் 'பாரிஷ் மீட்டிங்' என்ற கூட்டத்தை மாலை 6 மணிக்கு முன்பு தொடங்கக் கூடாது. வயலில் வேலை முடித்துக் கை, கால் கழுவிவிட்டு வருபவருக்காக 1894-ம் ஆண்டில் வைத்த விதி அது. இன்றைக்கும் மாறவில்லை. கூட்டத்தை மது விற்கும் இடத்தில் நடத்தக் கூடாது. நியாயமான செலவில் வேறு இடமே கிடைக்காவிட்டால் மட்டும்தான் விலக்கு.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 1-ம் தேதிக்கும் ஜூன் 1-ம் தேதிக்கும் இடையில் இந்த ஊர்க்கூட்டம் கூடியே ஆக வேண்டும். வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம், ஓட்டுப் போடலாம். இதுதவிர, கவுன்சில் உறுப்பினர்கள் கூடும் கூட்டங்கள் ஆண்டில் பலமுறை நடக்கும். அதற்கு மூன்று முழு நாள்களுக்கு முன்பே, என்னென்ன பேசப் போகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பட்டியலில் இல்லாத விஷயத்தில் திடீரென்று முடிவெடுக்க முடியாது. பொதுமக்கள் வந்து உட்கார்ந்து கவனிக்கலாம். அந்த உரிமையைக் கொடுத்த 1960-ம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டு வந்தவர், பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர்.

அடுத்தது பணம். ஆண்டுக்கு இவ்வளவு தேவை என்று பாரிஷ் கவுன்சில் கணக்குப் போட்டு மேலே உள்ள கவுன்சிலுக்கு எழுதும். அந்தத் தொகை, வீட்டு வரியோடு சேர்த்து அந்த ஊர்க்காரர்களிடமே வசூலாகி வரும். மின்விளக்கு, விளையாட்டுத் திடல், இடுகாடு, பஸ் நிழற்குடை, ஊர் மண்டபம் என்று செலவாகும். ஆண்டுதோறும் 30 வேலை நாள்களுக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்க வேண்டும். ஜூலை மாதத்தின் முதல் பத்து வேலை நாள்கள் அதில் கட்டாயம் அடங்க வேண்டும். சந்தேகம் இருக்கும் வாக்காளர், தணிக்கையாளரிடம் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஒரு விஷயத்தில் உறுப்பினருக்குச் சொந்தப் பண லாபம் இருந்தால், அவர் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மறைத்தால் குற்றம்.

ஆறேகால் சென்ட்!

விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 1908-ம் ஆண்டுச் சட்டப்படி, ஊரில் காய்கறி பயிரிட நிலம் கேட்டு வாக்காளர்கள் அல்லது வரி கட்டுபவர்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கவுன்சில் அந்த மனுவைப் பரிசீலித்தே ஆக வேண்டும். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் நிலம் ஏற்பாடு செய்வதும் அதன் கடமை. விலைக்கு வாங்கலாம், குத்தகைக்கும் எடுக்கலாம். பிறகு சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விடும். அந்தத் துண்டுக்குப் பெயர் 'அலாட்மென்ட்'.

வழக்கமான துண்டு பத்து 'ரோடு' என்பார்கள். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயம், பீன்ஸ் என்று ஒரு குடும்பம் சாப்பிடும் அளவுக்கு விளைவிக்கலாம். வீட்டுச் சாப்பாட்டுக்கான காய், பழம்தான் முக்கியமாக இருக்க வேண்டும், வியாபாரத்துக்கு அல்ல என்பது விதி. விற்பனைக்காக இல்லாமல் கோழியும் முயலும் வளர்க்கலாம். சேவலுக்கு மட்டும் அனுமதி இல்லை. விடியற்காலையில் ஊரை எழுப்பிவிடும் அல்லவா!

குத்தகை விவசாயிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி, 'பயிர் நிற்கும்போது காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது?' என்பதுதான். அதற்கும் அங்கே விதி இருக்கிறது. சாதாரணமாக ஓர் ஆண்டு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த ஓர் ஆண்டும் ஏப்ரல் 6-ம் தேதிக்குள் அல்லது செப்டம்பர் 29-ம் தேதிக்கு மேல்தான் முடிய வேண்டும். நட்டு வளர்க்கும் பருவத்தின் நடுவில் யாரையும் கிளப்ப முடியாது. அலாட்மென்ட்டுக்கென்றே கவுன்சில் வாங்கிய நிலமாக இருந்தால், அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விற்கவும் முடியாது. இது 1925-ம் ஆண்டுச் சட்டம். குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, 'நம்ம துண்டு கவுன்சிலுக்குச் சொந்தமா, குத்தகையா?' என்று விசாரிப்பவரே விவரமானவர்.

ஒரு காலத்தில் சொத்துக்காரர் ஒருவருக்கே ஆறு ஓட்டு. பின்னால் சாதாரண மனிதர்கள் ஆறு பேரின் கையெழுத்துக்கு மதிப்பு. இந்த மாற்றம் வர ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்திருக்கிறது.

பாதையும் ஓடையும்!

பாரிஷ் கவுன்சில் கூட்டங்களில் அடிக்கடி வரும் பஞ்சாயத்து, வயலுக்குள் போகும் நடைபாதைதான். தனியார் வயலாக இருந்தாலும், பொதுப்பாதை என்று பதிவாகியிருந்தால் யாரும் நடந்து போகலாம். வயலின் குறுக்கே போகும் பாதையைச் சுற்றிப்போக வசதி இல்லாவிட்டால், விவசாயி உழுதுகொள்ளலாம். ஆனால், ஒரு பயிருக்கான முதல் உழவிலிருந்து 14 நாள்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அதே பயிருக்கு மறுபடியும் மண்ணைக் கிளறினால் 24 மணி நேரம்தான் கெடு. வரப்போரமாகப் போகும் பாதையை உழவே கூடாது.

இப்படிப் பாதை போகும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற கறவை இனக் காளைகளை விட்டுவைக்கவும் தடை இருக்கிறது. இறைச்சி இனக் காளை என்றால் பசுக்களோடு சேர்த்து விடலாம். பாதைக்காரர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. நாயை அவிழ்த்துவிட்டு அது ஆட்டை விரட்டினால், 1953-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஓடை விவகாரமும் அப்படித்தான். ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு ஓடையின் நடுப்பகுதி வரை பொறுப்பு என்பது அங்கே பொதுவான வழக்கம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு 'அது உன் ஓடை, இது என் ஓடை' என்று சண்டை போடுவதைவிட, கோடையிலேயே கூட்டத்தில் பேசித் தூர் எடுப்பது நல்லது.

கையில் இருப்பது கொஞ்சம்தான்!

பாரிஷ் கவுன்சிலை ரொம்பவும் புகழ வேண்டியதில்லை. ரோடு அதன் கையில் இல்லை. பள்ளிக்கூடமும் இல்லை. விளைநிலத்தில் நூறு வீடு கட்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்தால், பாரிஷ் கவுன்சில் கருத்துதான் சொல்லலாம். முடிவெடுப்பது மேலே உள்ளவர்கள். ஆனால், பொதுப்பாதையை யாரோ மறித்துவிட்டதாகப் பாரிஷ் கவுன்சில் முறையாக எழுதிக் கொடுத்தால், அந்தப் புகார் தவறு என்று தெரிந்தால் ஒழிய, நெடுஞ்சாலைப் பொறுப்பில் உள்ளவர்கள் சட்ட நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். தனி ஆள் எழுதும் கடிதத்துக்கும் சபை எழுதும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இன்றைக்கு அங்கே பெரிய கவலை வேறு. பல ஊர்களில் காலியிடங்களுக்குப் போட்டியே இல்லை. ஓர் இடம் இடையில் காலியானால், குறித்த நாள்களுக்குள் பத்து வாக்காளர்கள் கேட்டால் தேர்தல் நடக்கும். யாரும் கேட்காவிட்டால், இருக்கும் உறுப்பினர்களே ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். மாவட்ட அளவிலான சின்ன கவுன்சில்களை எடுத்துவிட்டு, பெரிய கவுன்சில்களாக மாற்றப்போவதாக 2024-ம் ஆண்டு டிசம்பரில் அரசு அறிவித்தது. அப்படி மேலே உள்ள அலுவலகம் இன்னும் தூரமாகப் போனால், ஊர்க்காரர் நடந்து போய்க் கேட்கும் தூரத்தில் மிஞ்சுவது பாரிஷ் கவுன்சில் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து நாற்காலி காலியாகக் கிடந்தால், யாரிடம் கேட்பது?

அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும். பிள்ளை பயப்படாமல் அழுவதற்கு ஓர் இடம் செய்து கொடுத்தது 1894-ம் ஆண்டுச் சட்டம். ஆனால், மனுவில் ஆறாவது கையெழுத்தைச் சட்டம் வந்து போடாது. அதை ஊரில் ஒருவர்தான் போட வேண்டும்.