ஒற்றைக் குரல்

கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டுக்குப் போனால் என் பொழுது மொட்டைமாடியில்தான் போகும். தூரத்தில் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். அதற்கு இப்பால் எங்காவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டேயிருக்கும். சென்ற விடுமுறையில் அப்படியொரு கட்டடத்தில் தொழிலாளி ஒருவர் கம்பி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் விழுந்து மீண்டும் உயர்ந்த பிறகே சத்தம் வந்து சேர்ந்தது.

ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். அடுத்த வளவில் அடித்தாலும் சத்தம் சற்றுப் பிந்தியே வருகிறது. சிறு பிந்தலை மூளை பொருட்படுத்துவதில்லை; கண்டதையும் கேட்டதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். 1976ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் 'பா' என்ற ஒலியை, 'கா' என்று அசையும் வாயின் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பலருக்கு 'டா' என்றே கேட்டது.

இந்த முடிச்சைப் பயிற்சியால் மாற்றலாமா என்று 2009ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஓர் ஒளி, ஓர் ஓசை. இரண்டும் ஒன்றாக வந்தனவா, முந்திப் பிந்தி வந்தனவா என்று சொல்ல வேண்டும். சொன்ன கையோடு சரி, பிழை தெரிவிக்கப்பட்டது. சில நாட்களில், மூளை 'ஒன்று' என ஏற்கும் கால இடைவெளி சுமார் 40 வீதம் சுருங்கியது. திருத்தமின்றி வெறுமனே பார்த்துக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

எழுத்தோடு ஒலியைச் சேர்ப்பது வேறு வேலைதான். ஆனாலும் இதை வாசித்த பின் என் பழைய வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது.

ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிது. மூன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நான் ஒரு வரி வாசிப்பேன். எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். வகுப்பே அதிரும். ஒரு பையனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். ஒருநாள் அவனைத் தனியே எழுப்பினேன். பாடத்தைப் பிழையின்றிச் சொன்னான்; புத்தகம் வேறு பக்கத்தில் விரிந்து கிடந்தது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். 'கள்ளன்' என்று ஏசி உட்காரவைத்துவிட்டு, மறுநாளும் கூட்டமாகவே வாசிக்கவைத்தேன்.

அவனைத்தான் இந்த விடுமுறையில் ஜம்பட்டா வீதியில் கண்டேன். தோளில் ஒரு பொதி.

"அஸ்ஸலாமு அலைக்கும் சேர்! என்னத் தெரியுதா?"

குரலில் அறிந்துகொண்டேன். சுகம் விசாரித்த பின் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை நீட்டினான்.

"இந்த விலாசத்த ஒருக்கா வாசிச்சுத் தாங்க சேர். கண்ணாடிய உட்டுட்டு வந்துட்டன்."

கண்ணாடி போடுகிற வயதல்ல அவனுக்கு. வாசித்துக் கொடுத்தேன். துஆச் செய்துவிட்டுப் போனான்.

அன்று மஃரிபுக்குப் பின் தங்கச்சியின் மாமியார் பேரனுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய குச்சி எழுத்தின் மேல். பையனின் கண் ஒருமுறை எழுத்தில், ஒருமுறை அவர் வாயில்.

"ஸீன் இல்ல மகன், ஸாத். என்ட வாயப் பாருங்க."

அவன் திருத்திச் சொன்ன பிறகே குச்சி நகர்ந்தது. எங்கள் ஊர் ஓதப்பள்ளியில் லெப்பையும் இப்படித்தான், ஒவ்வொருவராக முன்னால் இருத்தித் திருத்தினார். நான் கற்றது அப்படி. கற்பித்தது வேறு விதமாக.

இப்போது நாளுக்கு ஐந்து பிள்ளைகளையாவது தனித்தனியே என் மேசைக்கு அழைக்கிறேன். விரலை எழுத்தில் வைத்து வாசிக்க வேண்டும். பிழைத்தால் அந்த இடத்திலேயே நிற்போம். பாடத்திட்டம் பிந்துகிறது.

"என்ன சேர், ஒங்கட வகுப்பில சத்தத்தயே காணல்ல?" என்று அதிபர் கேட்டார்.

"வாசிக்கிறாங்க சேர்" என்றேன்.