இரண்டாவதாகப் பாடிச் செல்பவன்

2024ஆம் ஆண்டின் புரோ கபடிப் பருவத்தில் பெங்களூரு புல்ஸ் ஆடிய 22 ஆட்டங்களில் வென்றவை இரண்டு. ஒன்று சமனில் முடிந்தது, பத்தொன்பதில் தோல்வி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். பணம் செலவழிக்காததால் வந்த தோல்வி அன்று அது. அந்த ஆண்டு ஏலத்தில் அஜிங்க்ய பவாரை 1.107 கோடிக்கும், கபடி உலகம் ‘டுப்கி கிங்’ என்று கொண்டாடிய பர்தீப் நர்வாலை 70 லட்சத்துக்கும் அணி எடுத்திருந்தது. இருவரும் ரெய்டர்கள். ஆகவே அடுத்த ஏலம் 2025 மே 31, ஜூன் 1 நாட்களில் மும்பையில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டபோது, அணியின் ஆதரவாளர்கள் முன் நின்ற கேள்வி எளிமையானது: இம்முறை யாரை நம்பிப் பாட அனுப்புவது? ஓர் அணியின் மொத்தச் செலவு வரம்பு ஐந்து கோடி. அதில் ஏறத்தாழப் பாதியை ஒரே ஆளின் மேல் போடலாம். அல்லது முப்பது, ஐம்பது லட்ச விலைகளில் நிற்கும் நடுத்தரப் பெயர்களில் இரண்டு மூன்றைத் துணிந்து எடுக்கலாம்.

அந்த வாரம் கர்நாடகம் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தது. பெங்களூரின் கிரிக்கெட் அணி ஐபிஎல் இறுதியாட்டத்தை எட்டிவிட்டது. தேநீர்க் கடைகளில் கபடிக்குக் காது கொடுக்க ஆளில்லை. சாமராஜநகரில் ஒரு வீட்டில் மட்டும், ஒரு தாய்மாமனுக்கும் அவருடைய அக்காள் மகனுக்கும் இடையே மூன்று நாட்கள் இந்த விவாதம் ஓயாமல் நடந்தது.

கொங்குப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மலையேறி வந்த குடும்பம் அது. சாமராஜநகரிலிருந்து புணஜனூர்க் காட்டு வழியாகத் தெற்கே இறங்கினால் ஆசனூர், திம்பம், சத்தியமங்கலம். வீட்டின் மஞ்சள் இன்றும் அந்த வழியாகத்தான் ஈரோட்டுச் சந்தைக்குப் போகிறது. 1997இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இவ்வூரில் தமிழ் பேசும் குடும்பத்துக்குக் கபடியில் இரண்டு அணிகள் உண்டு: மாநிலத்தால் பெங்களூரு புல்ஸ், மொழியால் தமிழ் தலைவாஸ். தோற்கும் அணிகள் இரண்டைச் சேர்த்து ஆதரிப்பவர்களுக்கு ஏலம்தான் ஆண்டின் பெரிய திருவிழா. மாமா ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். மருமகன் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவன். உள்ளூர் அணி ஒன்றுக்காக ஆடுபவன்.

மருமகனின் கட்சி தெளிவானது. முந்தைய பருவத்தில் பாட்னா அணிக்காக 301 ரெய்டு புள்ளிகள் எடுத்த தேவாங்க் தலால் ஏலத்துக்கு வருகிறார். அவரை எடுத்துவிட்டால் மற்றவை தானாக நடக்கும். “ஒருத்தன் போதுங்க மாமா. பவன் ஒருத்தன்தானுங்களே நமக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தான்?” என்பது அவன் இறுதி ஆயுதம். 2019 ஜனவரியில் முடிந்த ஆறாம் பருவத்தின் இறுதியாட்டத்தில் குஜராத்தை 38–33 என்று புல்ஸ் வென்றது. பவன் செராவத் மட்டும் 22 புள்ளிகள் எடுத்தார்.

“செரி கண்ணு, அந்த வருசம் பவன் என்ன வெலை?” என்று மாமா கேட்டார்.

52.8 லட்சம். அதற்கு முந்தைய பருவத்தில் குஜராத் அணியில் பெரும்பாலும் காத்திருப்போர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். கபடியில் கோடி ரூபாய் விலைகள் முதன்முதலாக ஒலித்ததும் அதே 2018 ஏலத்தில்தான். மிக அதிகமாக 1.51 கோடிக்குப் போன மோனு கோயத்தை எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸ், தன் பிரிவில் கடைசியாக வந்தது. கோடியைத் தொட்ட அறுவரில் ஒருவருடைய அணியும் கோப்பையைத் தொடவில்லை.

இந்த இடத்தில் மாமாவின் வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐம்பது லட்சத்துக்கு எடுக்கப்பட்டு அடையாளமின்றிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை எவரும் உதாரணமாகச் சொல்வதில்லை, பவன் நினைவில் நிற்கிறார். பிழைத்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துப் பெறும் முடிவு ஆய்வுக்கூடத்திலும் தவறு, திண்ணையிலும் தவறு. ஆனால் மறுநாள் மாமா எடுத்து வைத்த வாதம் அவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதாக இல்லை.

கபடியில் ஒருவர் வெளியேறினால் அவர் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. அவர் வரிசையில் போய் உட்காருகிறார். அவருடைய அணி எதிராளி ஒருவரைத் தொட்டோ பிடித்தோ வெளியேற்றும்போது, வரிசையில் முதலில் இருப்பவர் எழுந்து உள்ளே வருகிறார். இதற்கு ஊர்த் தமிழில் ‘உயிர்’ என்று பெயர். இரண்டு கோடி ரூபாய் ரெய்டர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவருடைய மதிப்பு சுழியம். அவருக்கு யார் உயிர் கொடுப்பது? முப்பது லட்ச ரூபாய்க்காரன் போய் ஒரு கார்னரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பெரிய ரெய்டர் மீண்டும் களத்தில் இருப்பார். அதற்குப் பின் அவர் எடுக்கும் ஐந்து புள்ளிகள் அவர் கணக்கில் ஏறும். உயிர் கொடுத்தவன் கணக்கில் இருப்பது ஒன்றே ஒன்று.

போனஸ் கோட்டின் விதி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது பின்கோட்டருகே கால் வைத்துத் திரும்பினால் ஒரு புள்ளி. ஆனால் போனஸ் புள்ளிக்கு உயிர் கிடையாது. தொடுபுள்ளியும் போனஸ் புள்ளியும் மொத்தத்தில் ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. ஒன்று கூட்டாளியை எழுப்புகிறது, மற்றொன்று எழுப்புவதில்லை. தொலைக்காட்சித் திரையில் ஓடும் ‘மொத்த ரெய்டு புள்ளிகள்’ என்ற ஒற்றை எண்ணை வைத்து நடுவிலை ரெய்டரை மதிப்பிடுவது அதனால் பெரும்பாலும் வீண்வேலை. மூன்றாவது ரெய்டின் கதையும் இப்படித்தான். தொடர்ந்து இரண்டு ரெய்டுகள் வெறுமையாகப் போனால் அடுத்ததில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் வெளியே. அந்த ‘டூ ஆர் டை’ ரெய்டுக்குப் பல அணிகள் முதன்மை ரெய்டரை அனுப்பாமல் பாதுகாக்கின்றன. இரண்டாமவனையோ மூன்றாமவனையோ அனுப்புகின்றன. இக்கட்டான வேளைகளிலேயே அனுப்பப்படுபவனின் வெற்றி விகிதம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. அந்த விகிதத்தைக் காட்டியே அடுத்த ஏலத்தில் அவன் விலை குறைகிறது.

தமிழில் ‘வந்துவிட்டான்’ என்னும்போது ‘விடு’ தன் சொந்தப் பொருளை இழந்து நிற்கிறது. அகராதியில் அதன் முதற்பொருளைப் பார்த்து இந்தத் தொடரில் அதன் வேலையை எவராலும் அளக்க முடியாது. முன்னே நிற்கும் வினையிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாம் ரெய்டரும் ஒரு துணைவினை.

தமிழ் தலைவாஸின் கதை இதற்கு நேர்ச் சான்று. 2017இல் சேர்ந்ததிலிருந்து அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி என்று பெரிய பெயர்களை முன்னிறுத்தியும் அடிமட்டத்திலேயே கிடந்த அணி அது. 2022 ஏலத்தில் பவனை 2.26 கோடிக்கு வாங்கியது. அதுவரை எவருக்கும் தரப்படாத தொகை. முதல் ஆட்டத்திலேயே சில நிமிடங்களில் பவனுக்கு முழங்காலில் காயம். பருவம் முழுவதும் ஆட முடியவில்லை. அந்த வெற்றிடத்தில் எழுந்தவர் அறிமுக வீரர் நரேந்தர். 243 ரெய்டு புள்ளிகள். அவருக்கு இணையாக இரண்டாமிடத்தில் ஓயாமல் பாடிச் சென்றவர் அஜிங்க்ய பவார். அணி முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது. அதே அஜிங்க்யவைத்தான் 2024இல் புல்ஸ் கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியது. துணைவினையை மட்டும் பெயர்த்தெடுத்து வேறு தொடரில் ஒட்டிவிட்டார்கள் என்பது மாமாவின் தீர்ப்பு (சொல் அவருடையதன்று, கருத்து அவருடையது).

மருமகன் இவற்றையெல்லாம் மறுத்துக்கொண்டே இருந்தான். மறுப்பின் வேகம் விவாதத்தின் தேவையைவிட அதிகமாக இருந்தது. காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் அணியில் அவன்தான் இரண்டாம் ரெய்டர். அந்தத் தை மாதம் தாளவாடிப் பக்கம் நடந்த ஒரு போட்டியில், சுவரொட்டியில் முதன்மை ரெய்டரின் படம் மட்டும் அச்சாகியிருந்தது. நடுவிலைக்காரனின் அருமையை மாமா ஒவ்வொரு முறை விளக்கும்போதும், ‘நீ அவ்வளவுதான்’ என்று சொல்வதாகவே அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு சொல்லியே விட்டான். “நீங்க சொல்றது எல்லாம் செரியாவே இருக்கட்டுங்க மாமா. ஆனா ரெண்டாவதா போறதுக்குன்னு எவனும் கபடிக்கு வர்றதில்லீங்க.”

மாமா பதில் சொல்லவில்லை. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்வது எளிதும் அன்று. இந்த ஆட்டத்தின் பெயர்களே தனியொருவனின் மூச்சிலிருந்து வந்தவை: தமிழில் சடுகுடு, மராட்டியத்தில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு. எல்லாம் பாடிச் செல்பவன் விடாமல் சொல்லும் சொல். (கபடி என்பது ‘கைபிடி’யின் திரிபு என்று மேடைதோறும் முழங்குகிறார்கள், சான்று கேட்டால் மேடை அமைதியாகிவிடும்.) பிடிப்பவர்களுக்கும் உயிர் கொடுப்பவர்களுக்கும் ஆட்டத்தின் பெயரில் இடமில்லை. கிராமத்துத் திடலில் ஒரு சிறுவன் முதன்முறையாகக் கோட்டைத் தாண்டும்போது, ஏழு பேருக்கு எதிரே தான் ஒருவன் என்ற கிளர்ச்சியில்தான் தாண்டுகிறான்.

ஏலம் நடந்தது. தேவாங்கை பெங்கால் வாரியர்ஸ் 2.205 கோடிக்கு எடுத்தது. புல்ஸ் தன் பெருந்தொகையை ரெய்டருக்குக் கொடுக்கவே இல்லை. யோகேஷ் தஹியா என்ற தடுப்பாட்டக்காரருக்கு 1.125 கோடி கொடுத்தது. பிடித்தாலும் உயிர் கிடைக்குமே என்று மாமா மகிழ்ந்தார். மருமகன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். ரெய்டுக்கு வந்தவர்களில் ஒருவர் அலிரேசா மிர்சாயன் என்ற ஈரானியர். ஊரில் எவரும் கேள்விப்படாத பெயர். பர்தீப் நர்வாலை எவரும் கேட்கவில்லை. போட்டியின் வரலாற்றில் எவரும் எட்டாத 1,800க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகளுடன், அடுத்த சில நாட்களில் அவர் ஓய்வை அறிவித்தார். அந்தச் செய்தியின் முன் மாமாவும் மருமகனும் ஒரே கட்சியில் இருந்தார்கள்.

பருவம் தொடங்கியதும் புல்ஸ் தொடக்க ஆட்டங்களில் தோற்று, பிறகு பி.சி. ரமேஷின் பயிற்சியில் எழுந்து, பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ரெய்டில் முன்னின்றவர் மிர்சாயன். தேவாங்க் புள்ளிகளைக் குவித்தும் பெங்கால் முதல் எட்டு இடங்களுக்குள் வரவில்லை. பாட்னாவில் முந்தைய ஆண்டு தேவாங்குக்கு அடுத்தபடியாகப் பாடிச் சென்ற இளைஞர் அயன் லோச்சப், இம்முறை முதன்மை ரெய்டராகி 300 புள்ளிகளைத் தாண்டினார். இரண்டாமவன் எப்போதும் இரண்டாமவனாகவே இருப்பதில்லை என்பதற்கு அயனை மருமகன் மேற்கோள் காட்டினான். மாமா அதை ஏற்றுக்கொண்டார்.

பள்ளி நாட்களிலிருந்தே மாமாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. உள்ளூர் ஆட்டங்களுக்கு அவரே புள்ளி குறிப்பார். அந்தப் பருவத்தில் அதில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. தலைப்பு ‘உயிர்’. ஒவ்வொரு தொடுபுள்ளிக்கும் எதிரே, அப்போது எழுந்து வந்தவர் யார், அவர் திரும்ப வெளியேறுவதற்குள் எடுத்தது எவ்வளவு என்று குறித்தார். பதினோரு ஆட்டங்களின் கணக்கை மருமகன் ஒருநாள் தானாகவே எடுத்துக் கூட்டிப் பார்த்தான். அவன் எடுத்தவை 38. அவன் எழுப்பியவர்கள் எடுத்தவை 61.

அந்த வாரம் இளைஞர் தேர்வு முகாம் ஒன்றுக்கான விண்ணப்பத்தை அவன் நிரப்பினான். வயது, எடை, ஆடும் இடம், மொத்த ரெய்டு புள்ளிகள் என்று கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்தில் 38 என்று எழுதிவிட்டு, நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களை நகலெடுத்துப் பின்னால் இணைத்தால் படிப்பார்களா என்று மாமாவைக் கேட்டான். படிக்க மாட்டார்கள் என்றார் அவர். நகலெடுக்கும் கடை எட்டு மணிக்கு மூடிவிடும், சீக்கிரம் போய் வா என்றும் சொன்னார்.