காய்ச்சல் விட்ட பின்னும் கவனம்!



2017இல் எங்கள் கிண்ணியாவில் டெங்கு பரவியது நினைவிருக்கும். அவ்வாண்டு நாடெங்கும் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். என் தங்கைக்கும் வந்து, சுகமானது. நிம்மதியடைந்தோம்.

பத்து நாள் கழித்து, "ராத்தா, உள்ளங்கால் விறைக்குது" என்றாள்.

"காய்ச்சல் அசதிதான், கஞ்சி குடி" என்றேன்.

மறுநாள் பாயிலிருந்து எழும்ப அவளால் முடியவில்லை. அதற்கடுத்த நாள் கைகளும் தளர்ந்தன. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இது குய்லன் பாரே நோய்" என்றார் டாக்டர். கிருமியை எதிர்க்கும் உடலின் சக்தியே தடம்மாறி நரம்புகளைத் தாக்குகிறதாம். பலவீனம் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலேறும். மூச்சுத் தசைகளை எட்டினால் உயிருக்கே ஆபத்து. சிக்கன்குன்யா, வயிற்றோட்டம் முதலியவற்றின் பின்னும் அரிதாக இது வரலாம்.

இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் சுவரைப் பிடித்து நடந்தாள். அல்ஹம்துலில்லாஹ்!

என் கஞ்சிப் பேச்சால் இரண்டு நாள் வீணானது இன்றும் மனதை உறுத்துகிறது. சகோதரிகளே, அடுப்படி வேலைக்காக நம் வருத்தத்தை 'அசதி' என்று மறைப்பது நம் வழக்கம். காய்ச்சலுக்குப் பின் இரு கால்களும் விறைத்துத் தளர்ந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.