பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஒரு பழைய வான்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து கிழக்கே முல்லைத்தீவுக்குச் செல்கிறது ஏ-35 வீதி. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரம். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே எமது வாசகிகளில் பலருக்கு மனம் கனத்துவிடும். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் சனம் இந்த வீதியால்தான் ஊர் ஊராகக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. உழவு இயந்திரம், லொறி, வான், சைக்கிள் என்று உருளக்கூடியவை எல்லாம் வீட்டுச் சாமான்களைச் சுமந்து சென்றன. கடைசியில் அவை முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டன. யுத்தம் முடிந்து சில வருடங்கள் வரை அவற்றின் துருப்பிடித்த கூடுகள் அங்கே குவிந்து கிடந்தன.

இன்று அது கார்ப்பெட் வீதி. இருபுறமும் வயலும் பனையும் காடும் மாறி மாறி வருகின்றன. யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓடுகிறது. ஆனால் பிரதான வீதியிலிருந்து நாலைந்து கிலோமீற்றர் உள்ளே, கிரவல் ஒழுங்கையில் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து ஊன்றுகோலோடு புறப்படும் பெண்ணுக்கு அந்த பஸ் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் மாதர் சங்கம் ஒரு பழைய வானை வாங்கி வைத்திருக்கிறது. கிளினிக் நாட்களில் நோயாளர்களை ஏற்றும். மற்ற நாட்களில் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு ஓடும். அந்த வருமானத்தில்தான் சங்கத்தின் சுழற்சிக் கடன் நடக்கிறது. அங்கத்தவர்களில் பெரும்பாலானோர் தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள்.

வானுக்கு வயது 30க்கு மேல். எங்கள் ஆட்கள் ‘டொல்பின்’ என்று அழைக்கும் டீசல் வான். புதியது வாங்க எண்ணியபோது வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் பழைய வாகனங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவதே ஒரே வழியாக இருந்தது.

அன்று யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் பொருத்துவதற்காக மூன்று பெண்களை அழைத்துக்கொண்டு விடியப்புறம் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். சங்கத்தின் பொருளாளர் அக்காவும் வந்தார். மூவரில் ஒருவருக்கு அது ஏழு மாதமாகக் காத்திருந்த நாள். பழைய கால் சிறுத்து, உரசிப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது.

உடையார்கட்டைத் தாண்டியதும் முன்னாசனத்தின் அடியிலிருந்து ஒரு கீச்சொலி எழுந்தது. வான் வேகம் எடுக்க எடுக்க ஒலியும் கூடியது. சற்று நேரத்தில் சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. சாரதி அண்ணை ஒரு பாலை மரத்து நிழலில் வானை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

“சூடு ஏறுது தங்கச்சி. இனி ஓட்டக் கூடாது.”

“மூடியைத் திறந்து தண்ணி விடுவமே?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“ஐயோ பிள்ளை, தொடாதேங்கோ. கொதிச்சு முகத்திலதான் அடிக்கும்.”

அண்ணை சொன்னது மிகச் சரி. ரேடியேற்றருக்குள் நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் விட்டு, அந்த நீர் ஒரே கணத்தில் ஆவியாகப் பீறிடும். சூடேறிய எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. இரும்பு வெடிக்கக்கூடும்.

எஞ்சின் ஆறும்வரை மூன்று பெண்களையும் மரத்தடியில் இருத்தினோம். யாழ்ப்பாண பஸ் வந்ததும் கைமறித்து ஏற்றி, துணைக்கு எங்கள் தொண்டர் பிள்ளையையும் அனுப்பினோம். நடத்துனர் முன்னிருக்கைகளை ஒதுக்கிக் கொடுத்தார்.

பஸ் போன பின்னர் அக்கா ரோச் லைற்றோடு வானுக்குக் கீழே குனிந்தார். அவருடைய கணவர் கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்தியவர். 2009இல் காணாமற்போனவர். “அவர் கீழ படுத்து வேலை செய்யேக்க ரோச் பிடிக்கிறது நான்தான். பார்த்துப் பார்த்துப் பழகினது” என்றார். பெல்ற் சுற்றும் பக்கமாக ஈரம் இருந்தது. ஈரம் வழிந்த தடத்தில் கேத்தலின் அடியில் படிவது போல வெள்ளையும் துருநிறமுமாகக் காவி படிந்திருந்தது. பல நாட்களாகவே சொட்டியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

அந்த இடத்தில் இருப்பதுதான் வோட்டர் பம். எஞ்சினைச் சுற்றி நீரை ஓடவைப்பது அதன் வேலை. பெல்ற் சுழற்ற, உள்ளே ஒரு தண்டும் அதன் நுனியில் சிறு சக்கரமும் சுழன்று நீரைத் தள்ளும். தண்டைத் தாங்குவது பெயாரிங். நீர் வெளியேறாமல் தடுப்பது சீல். சீல் தேய்ந்தால் நீர் பெயாரிங்கைக் கெடுத்துவிடும். அதனால் பம்மின் அடியில் ஒரு சிறு துவாரம் விட்டிருக்கிறார்கள். கசியும் நீர் அதனால் வெளியே சொட்டும். அது அடைக்கவேண்டிய ஓட்டையல்ல, முன்னறிவித்தல். சிலர் அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் சொட்டு நிற்கும், பெயாரிங் போய்விடும்.

ஒரு மணித்தியாலம் கழிந்து எஞ்சின் ஆறியதும் அண்ணை விசிறியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். இலேசாக ஆடியது. பம் நல்லதாயின் அந்த ஆட்டம் இருக்கக் கூடாது. நீர் நிரப்பி, முள்ளைப் பார்த்தபடி, இரண்டு தரம் நிறுத்தி ஆறவிட்டு, அடுத்த கராஜ் வரை மெதுவாகப் போனோம். பெயாரிங் முற்றாக உடைந்திருந்தால் அதையும் செய்யக் கூடாது. கட்டியிழுத்துத்தான் போகவேண்டும்.

முதல் கராஜில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஹெட் காஸ்கற் போட்டுது. எஞ்சின் பிரிக்கோணும். ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ” என்றார். சங்கத்தின் கையிருப்பு முழுவதும் அதிலேயே முடிந்துவிடும்.

அக்கா அமைதியாகக் கேட்டார். “தம்பி, எதைப் பார்த்துச் சொல்லுறீங்கள்? ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வரேல்லை. புகை வெள்ளையா இல்லை. ரேடியேற்றருக்குள்ள குமிழியும் வரேல்லை. பம்மிலதானே ஒழுகுது?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் அடுத்த கராஜுக்குப் போனோம். அங்கிருந்த வயதான பாஸ் கீழே படுத்துப் பார்த்து, “பிள்ளை சொன்னதுதான் சரி” என்றார்.

வேலையை அருகில் நின்று பார்த்தோம். முன்னாசனத்தைத் தூக்கினால் எஞ்சின். ரேடியேற்றரின் அடித் திருகைத் திறந்து நீரை ஒரு பேசினில் பிடித்தார். கூலன்ற் கலந்த நீர் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. பிள்ளைகளும் நாய்களும் அண்டாமல் வைக்கவேண்டும். பின்னர் விசிறி, பெல்ற்கள், கடைசியில் பம். பழையதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணை கிளிநொச்சிக்கு பஸ் ஏறினார். ஒரே வானுக்கும் எஞ்சினைப் பொறுத்து பம் மாறும். கையில் பழையது இருந்தால் துவாரங்களை ஒத்துப் பார்த்து வாங்கலாம்.

புதியது வரும்வரை பாஸ் எஞ்சின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய காஸ்கற் துண்டுகளைச் சுரண்டினார். “இதில ஒரு துணுக்கு இருந்தாலும் நாளைக்கு ஒழுகும்” என்றார். புதிய பம்மை வைத்து, போல்ற்களை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினார். பெல்ற்களையும் புதிதாகப் போட்டார். இரு சில்லுகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தும்போது ஒரு சென்ரிமீற்றர் அளவு தாழ வேண்டும். அதிகம் இறுகினால் புதிய பெயாரிங்கும் சீக்கிரம் போகும். நிறைவாக நீர் விட்டு, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டார். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. மேல் ஹோஸ் சூடானதும் மீண்டும் நிரப்பி மூடினார்.

“கிணத்துத் தண்ணி மட்டும் விடாதேங்கோ” என்றும் சொன்னார். எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நீர் வன்மையானது. கேத்தலில் படிவதே எஞ்சினுக்குள்ளும் படியும். காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்து விடுவதே நல்லது. அது துருவையும் தடுக்கும்.

பொழுதுபட பஸ்ஸில் திரும்பி வந்த பெண்களைச் சந்தியில் ஏற்றிக்கொண்டோம். புதிய காலின் அளவு சரியாக வந்திருந்தது. வானின் முள் நடுவில் அசையாமல் நின்றது.

சகோதரிகளே, இப்போது எமது கிராமங்களில் பெண்கள் ஓட்டோவும் வானும் உழவு இயந்திரமும் வைத்துப் பிழைக்கிறார்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நீர் மட்டத்தைப் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கே போகிறது என்று தேடுங்கள். இரவில் எஞ்சினுக்குக் கீழே ஒரு மட்டை விரித்து வையுங்கள். விடியச் சொட்டு விழுந்த இடம் தெரியும். புதிய சத்தம் கேட்டால் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கராஜில், “எதைப் பார்த்துச் சொல்லுறீங்கள்?” என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பெண்ணுக்கு இதெல்லாம் விளங்காது என்ற எண்ணத்தில்தான் பலர் எமது காசை எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற ஒரு கேள்வி போதும்.

பழைய பம்மை அக்கா எறியவில்லை. சங்கக் கட்டடத்து அலுமாரியில் கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு வரும் பெண்களுக்கு அதைத் திருப்பிப் பிடித்து, அந்தச் சிறு துவாரத்தைக் காட்டுகிறார்.