காயா

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. 'லெசோன் த ஷோஸ்' வகுப்பில் ஓக் மரத்தின் இலையை வரையக் கற்றேன், அந்த மரத்தைப் பார்த்ததே இல்லை. நம் ஊர்க் காட்டில் நிற்கும் காயாவை ஓய்வு பெற்ற பிறகுதான் பெயர் சொல்லி அறிந்தேன். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் அதுவும் ஒன்று. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தப் பூதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கோயிலைச் சுற்றியுள்ள காட்டில், பெரிய மரங்களுக்கு அடியில் புதராக அடர்ந்திருக்கும். இலை தடிப்பு, நல்ல பளபளப்பு. பூக்கும்போது கிளை தெரியாமல் நீலம் அப்பிக்கொள்ளும். கட்டையோ இரும்பு. இலையைப் பாய்க்கும் துணிக்கும் சாயம் ஏற்றப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மெமிசைலோன் அம்பெலேட்டம் என்பது தாவரவியல் பெயர். அம்பெலேட்டம் என்றதும் எனக்குப் பிரெஞ்சு 'ஓம்பெல்' நினைவுக்கு வந்தது. பூங்கொத்து சின்னக் குடை போல விரிவதால் அந்தப் பெயர்.

ஐயனார் காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, கீழே உதிர்ந்த பழங்களை மட்டும் பொறுக்கி வந்தேன். கறுத்துப் பழுத்ததாக இருக்க வேண்டும். சதையைக் கசக்கிக் கழுவிவிட்டு அன்றே ஊன்றிவிடுவது நல்லது. நெல் மாதிரி காயவைத்து எடுத்துவைத்தால் உயிர் போய்விடும். செம்மண், மணல், மக்கிய இலை மூன்றும் சமமாகக் கலந்து, உயரமான பையில் போட்டேன். விதைமேல் விரல் கனத்துக்கு மண். ஈரம் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. 20 விதையில் 11 முளைத்தன. முதல் வருஷம் ஒரு சாண் வளர்ந்தாலே அதிகம்.

நான்கு வருஷமாகக் கொல்லைக் கொய்யா மரத்தடியில் வைத்திருக்கிறேன். இப்போது முழங்கால் உயரம். "கறிவேப்பிலை வைத்திருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும்" என்பாள் வீட்டுக்காரி. ஆனால் கோடையில் நான் மறந்தாலும் அவள் தண்ணீர் விடாமல் இருந்ததில்லை.

மகன் இந்த ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்ட வேண்டும் என்கிறான். மழைக்கு மூன்று அறை ஒழுகுகிறது, அவன் சொல்வது நியாயம்தான். கட்டினால் கொய்யா போய்விடும், நிழலும் போய்விடும். "பூக்க எத்தனை வருஷம் ஆகும்ப்பா?" என்று கேட்டான். எனக்கு 74 வயது. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

அதனால் பையோடு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏழு செடிகள் போய்விட்டன. ஒன்று பக்கத்துத் தெரு மாமரத்தடியில், இரண்டு ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில். கேட்டு வருகிறவர்களிடம் பணம் வாங்குவதில்லை. நட இடம் இருக்கிறது என்றால் போதாது, முதல் சில வருஷங்களுக்கு அதன் தலைக்கு மேல் ஒரு மரம் வேண்டும். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் நான்கு இருக்கின்றன.